பச்சோந்தியின் கிரீடம்

கேமரா மறுபடியும் இருட்டாகியிருந்தது.

டாலஸுக்கு அருகே லாஸ் கொலினாஸில் இருந்த தன் அலுவலகத்தில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான் செழியன். காலை பதினொன்று இருபத்திரண்டு வரை வீட்டின் படம் ஓடியிருந்தது. கம்பிவலைக் கூண்டு, உள்ளே ஒரு செடி, குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள், உச்சிக் கிளையில் வேந்தன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் படம் திரும்பி வந்தபோது வேந்தன் கீழ்க்கிளையில் இருந்தான். இடையில் இருந்த நாற்பத்து மூன்று நிமிடங்களை யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு போனது போல் இருந்தது.

ஒரு நாளென்றால் இணையக் கோளாறு என்று விட்டிருப்பான். இது தொடர்ந்து நான்காவது வேலைநாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது இரண்டே உயிர்கள். ஒன்று ஐந்து மாதப் பச்சோந்திக் குட்டி. இன்னொன்று அவன் மனைவி வான்மதி.

செப்டம்பரில் பெருந்துறையில் கல்யாணம். பத்தாம் நாளே அவன் தனியாக அமெரிக்காவுக்கு, இர்விங்குக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவளுடைய விசா வர மூன்று மாதமாயிற்று. கல்யாணத்துக்கு முன்பு ஐந்து வருடம் தனியாக இருந்த அதே அபார்ட்மெண்டில் அந்த மூன்று மாதம் மட்டும் இருக்கவே முடியவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டாலஸில் நடந்த ஊர்வனக் கண்காட்சிக்குப் போனவன், வெறுங்கையோடு திரும்பவில்லை. கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டி. இலைப்பச்சை உடம்பு. தலையின் பின்பக்கம் சின்னக் கூம்பாய் ஒரு மேடு. வளர வளர அது கிரீடம் போல உயரும் என்று விற்றவர் சொன்னார். அதனால்தான் வேந்தன் என்ற பெயர். அது ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. ஒரே தலையில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று செழியனுக்குத் தோன்றியது.

டிசம்பரில் வந்து இறங்கிய வான்மதி, பெட்டியைக் கூடக் கீழே வைக்காமல் கூண்டின் முன் நின்றாள்.

"ஓணானுக்கு ஏனுங்க இத்தன லைட்டு?"

ஓணான் இல்லை, பச்சோந்தி என்று அவன் விளக்கினான். எங்கள் வேலியில் இருப்பதெல்லாம் இதற்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தான் என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்றாம் நாள் நின்றுபோனது. அன்று தபாலில் ஒரு டப்பா வந்தது. வேந்தனுக்குத் தீனி. திறந்து பார்த்தவளின் முகம் மாறியது. உள்ளே பட்டுப்புழுக்கள். கோபிக்குப் பக்கத்தில் அவள் வீட்டில் இரண்டு கொட்டகை நிறைய வளர்ப்பது இதைத்தான். அந்தப் புழு வளர்ந்து கூடு கட்டிய காசில்தான் அவள் பிஎஸ்ஸி படித்தாள்.

"இதுக்கு ஒண்ணுன்னா எங்கப்பா சோறு திங்க மாட்டாருங்க. நீங்க டாலர் குடுத்து வாங்கி ஓணானுக்குப் போடறீங்க."

வேந்தனின் நாக்கு பாய்ந்து முதல் புழுவைப் பிடித்தபோது அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்தே அவளுக்கு அதன்மேல் ஒரு கறுவல் உண்டு என்பது செழியனின் கணக்கு. கூண்டின் கதவை அவள் ஒருமுறை திறந்து வைத்துவிட்டு மறந்ததற்குச் சத்தம் போட்டான். பிறகு ஒரு தாளில் விதிகளை எழுதிக் கூண்டில் ஒட்டினான். கதவைத் திறக்காதே. கையில் எடுக்காதே. எந்த சுவிட்சையும் தொடாதே. அவள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

ஜனவரி நடுவில் வேந்தன் தோலுரிக்கத் தொடங்கினான். உடம்பு முழுக்க வெளுத்து, நனைந்த காகிதம் போல் துண்டு துண்டாக விழுந்தது. முதுகு, வால், கால்கள் எல்லாம் இரண்டு நாளில் புதுப்பச்சையாகிவிட்டன. தலை மட்டும் விடவில்லை. கிரீடத்தைச் சுற்றிப் பழைய தோல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் அதன் உச்சியில், தோலுக்கு அடியில், கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி. ஒரு வாரத்தில் அது மிளகளவு ஆனது. வேந்தன் தீனியைக் குறைத்துக்கொண்டான். பகலிலேயே கண்ணை மூடி உட்கார்ந்தான். பகலில் கண் மூடுகிற பச்சோந்தி நல்ல நிலையில் இல்லை என்று செழியன் எங்கோ படித்திருந்தான். உரியாத தோலை வலுக்கட்டாயமாகப் பிய்த்தால் அடியில் இருக்கும் சதை கெட்டு, தலையே அழுகக்கூடும் என்றும் படித்திருந்தான்.

அவன் தொழில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால் இடையில் யார் கை வைத்தார்கள் என்று தேடுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். குழுவில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சிபிஐ'. பக்கத்து இருக்கை கௌசிக் அன்றும் கேட்டான், "என்ன சிபிஐ, சாப்பாட்ட விட்டுட்டு யாரை உள்ள தள்ளப் போறீங்க?" செழியன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

வீட்டிலும் அவன் அப்படித்தான் தேடத் தொடங்கியிருந்தான். சொல்லாமல், கேட்காமல். செவ்வாய்க்கிழமை குப்பைக்கூடையில் ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சி கிடைத்தது. முகர்ந்து பார்த்தான். தேங்காயெண்ணெய் வாசனை. பஞ்சில் வெள்ளையாய் ஒரு செதில் ஒட்டியிருந்தது. புதன்கிழமை உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படம். மூடியைத் திறந்தால், உள்ளே வேந்தனின் தோல். பெரிதும் சிறிதுமாய் ஏழெட்டுத் துண்டுகள். அவன் மூடியை மூடி, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தான்.

அன்று சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்.

"பகல்ல என்ன பண்ணுன?"

"ஒண்ணும் இல்லீங்க. துணி மடிச்சேன். அக்காகூடப் பேசுனேன்."

"வேந்தன்?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது பாட்டுக்கு மேல போயி, தலைய வலைல முட்டிக்கிட்டு உக்காந்துக்குதுங்க. லைட்டுக்கு அடீலயே. முந்தியே சொன்னனில்லீங்க."

"அது பேஸ்கிங், வெயில் காயறது. அதுக்கு வெயில் வேணும். உனக்குப் புரியாது."

பேச்சை மாற்றப் பார்த்தாள், முடியாமல் வாயை மூடிக்கொண்டாள் என்று அவன் மனதில் குறித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை அவன் அலுவலகத்துக்குக் கிளம்புவது போலக் குளித்து, சட்டை மாட்டி, கடைசி நிமிடத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ ஒன்று அதில் வந்து போனது. சோபாவில் மடிக்கணினியை விரித்து வைத்து, கண்ணை எழுத்தில் ஓட்டியபடி காதை மட்டும் அவள் பக்கம் வைத்துக்கொண்டான். வேந்தனைப் போலவே ஒரே தலையில் இரண்டு பேராக இருப்பது அவ்வளவு கடினமில்லை என்று தெரிந்தது.

பதினொன்றேகாலுக்கு அவள் அடுப்படியிலிருந்து வந்து கூண்டைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தாள். வேந்தன் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, காற்றில் ஆடும் இலை போல முன்னும் பின்னும் அசைந்து, உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, மேல ஏறிருச்சுங்க."

"ஏறட்டும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. கூண்டுக்குப் பின்னால் தரையில் கிடந்த நீளமான பவர் ஸ்டிரிப்பை ஒருமுறை பார்த்தாள். விளக்கு, கேமரா எல்லாம் அந்த ஒன்றில்தான் செருகியிருந்தன. பிறகு கூண்டுக்கருகில் தரையிலேயே உட்கார்ந்து, பன்னிரண்டு மணி வரை கொத்தவரங்காய் நறுக்கினாள். நறுக்கியதை விட அண்ணாந்து பார்த்ததே அதிகம். தன் வேலை அன்று நடக்காமல் போனதன் தவிப்பு அது என்று செழியன் முடிவு கட்டினான். அவன் இருந்தால் கேமரா அணைவதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை புள்ளி கறுத்திருந்தது. ஓரங்கள் ஈரமாக மின்னின. ஊர்வனவற்றைப் பார்க்கும் டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கினான். சனிக்கிழமை காலை, நானும் வரட்டுமா என்று கேட்காமலே வான்மதி செருப்பை மாட்டினாள். வரட்டும், டாக்டர் வாயாலேயே கேட்கட்டும் என்று அவனும் விட்டுவிட்டான்.

நாற்பது நிமிடம் ஃப்ரீவே. அவள் மடியில் துணி சுற்றிய பெட்டியை வைத்துக்கொண்டு, ஹீட்டர் காற்று அதன்மேல் படாமல் கையால் மறைத்தபடி வந்தாள். இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று அவன் ஓரக்கண்ணால் பார்த்தபடி ஓட்டினான்.

கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்ன வயது, என்ன தீனி, எத்தனை மணி நேரம் வெளிச்சம். செழியன் எல்லாவற்றையும் மணிமணியாக நிரப்பினான். கடைசியில் ஒரு கேள்வி: கடந்த எட்டு வாரத்தில் கூண்டிலோ அதன் சூழலிலோ செய்த மாற்றங்கள். யோசிக்கவே இல்லை. எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வான்மதி அவன் தோளுக்கு மேலிருந்து அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, குட்டையான வெள்ளைக்காரப் பெண்மணி. வேந்தனைத் தன் விரல்மேல் ஏறவிட்டு, கண்ணாடி மாட்டி, தலையைப் பல கோணங்களில் பார்த்தார். தலையை யாராவது தொட்டார்களா என்று கேட்டார். செழியன் காத்திருந்த கேள்வி அது. அவன் அமெரிக்கர்களோடு மட்டும் பேசும் அந்த வேகமான ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்திச் சொன்னான். தன் மனைவி இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை மாதந்தான் ஆகிறது, அவளுக்கு இதைப் பிடிக்காது, பகலில் இதோடு தனியாக இருப்பவள் அவள்தான், தோலை அவள் பிய்த்திருப்பாள் என்று நினைக்கிறேன், தினமும் அந்த நேரத்தில் கேமராவை அணைத்துவிடுகிறாள்.

டாக்டர் வான்மதியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்திருக்காது என்ற நம்பிக்கையில் செழியன் வேந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐ டிட் நாட் புல் இட்," என்றாள் வான்மதி. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "ஒன் டைம், ஆயில். கோகனட் ஆயில். ஒன்லி ஒன் டைம்."

எண்ணெய் வேண்டாம், இனிமேல் போடாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் இது எண்ணெயாலும் வந்ததில்லை, பிய்த்ததாலும் வந்ததில்லை. பிய்த்திருந்தால் கிழிந்த ஓரம் தெரியும். இது சூடு. விளக்குச் சூட்டில் வெந்துபோன இடம். குட்டிகளுக்கு முதுகும் தலையும் சுடுவது உறைக்கும்போது காலம் கடந்திருக்கும், குளிர்காற்றில் இருந்தால் விளக்கை ஒட்டியே கிடக்கும். தோல் உரியாமல் நிற்பது வறண்ட காற்றால். அவர் படிவத்தை எடுத்துக் கடைசிக் கேள்வியில் விரலை வைத்தார். எதுவுமே மாற்றவில்லையா? விளக்கு? கூண்டு இருக்கும் இடம்?

இல்லை என்று சொல்ல செழியன் வாயெடுத்தான்.

"ஏங்க," என்றாள் வான்மதி, அவனைப் பார்க்காமல். "அத்தை சொன்னாங்கன்னு கூண்ட மாத்துனீங்களே."

அப்போதுதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. டிசம்பரில், அவள் வந்த வாரம். பெருந்துறையிலிருந்து அவன் அம்மா தனபாக்கியம் வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வடகிழக்கில், ஈசானி மூலையில் கூண்டைக் கண்டதும் பதறிவிட்டார். புதுசாய்க் குடித்தனம் பண்ண வந்த வீட்டில், சாமி இருக்க வேண்டிய மூலையில் ஓணானா? ஃபோனை வைப்பதற்குள் செழியன் கூண்டைத் தூக்கித் தென்மேற்கில், கன்னி மூலையில் வைத்தான். சாமி அலமாரி ஈசானிக்குப் போனது. கன்னி மூலைக்கு நேர் மேலே, கூரையில், ஹீட்டர் காற்று வரும் துவாரம் இருந்தது. அந்தக் காற்று எப்போதும் சூடாக வராது. ஹீட்டர் நிற்கும்போது மின்விசிறி மட்டும் குளிர்காற்றைத் தள்ளும். ஜனவரிக் குளிரலையில் வேந்தன் ஒடுங்கிப் போயிருப்பதைப் பார்த்து, அவனேதான் அறுபது வாட் பல்பைக் கழற்றி நூறு வாட் போட்டான். இரண்டும் எட்டு வாரத்துக்குள். சாமிக்கும் குளிருக்கும் செய்ததை அவன் மாற்றம் என்று நினைக்கவே இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டார். களிம்பு, வலிக்கு ஒரு சொட்டு மருந்து, பழைய பல்பு, காற்றில்லாத இடம், அடிக்கடி நீர்த்தெளிப்பு. கிரீடத்தின் நுனி போய்விடலாம். எலும்பு வரை போகாமல் இருந்தால் உயிருக்கு ஒன்றும் இல்லை, பத்து நாளில் தெரியும் என்றார். கிளம்பும்போது வான்மதியிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டார். கேமராவை ஏன் அணைத்தீர்கள்?

வான்மதி பதிலைத் தமிழில் சொன்னாள். செழியன்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. "கேமராவ அணைக்கலீங்க. லைட்டத்தான். எந்த சுவிட்ச் எதுக்குன்னு தெரியல, மொத்தமா அணைச்சேன். அது கீழ எறங்குனதும் போட்ருவேன்." டாக்டர் தலையாட்டிவிட்டு, நுனியோடு தப்பித்தால் அதற்குத் தினமும் விளக்கு அணைந்திருந்த அந்த நேரம்தான் காரணம் என்றார். அதை அவன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

கார் ஃப்ரீவேயில் ஏறியது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல," என்றான் செழியன்.

"ரெண்டு தடவ சொன்னேன். புரியாதுன்னீங்க. சுவிட்ச தொட்டேன்னு சொன்னா வைவீங்கன்னு மூணாந்தடவ சொல்லல." அவள் பெட்டியின் துணியைச் சரி செய்தாள். "புழு தோலுரிக்கறப்ப எங்க கொட்டகைல சத்தம்கூடப் போட மாட்டோம். பிச்செடுப்பனா நானு?"

"அந்தச் சம்படம்..."

அவள் சட்டென்று திரும்பினாள். "அதையும் பாத்தீங்களா? எங்கப்பாவுக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பறதுக்கு எடுத்து வெச்சேன். புழுத்தோலு மாதிரியேதான் இருக்குதுன்னாரு." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "குப்பையவும் பாத்திருப்பீங்க."

அவன் சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

"அந்தக் கேமரா ஓணானப் பாக்கறதுக்கா, என்னையப் பாக்கறதுக்கா?"

முன்பு கேமரா கூண்டை மட்டும்தான் காட்டியது. கூண்டு கன்னி மூலைக்கு மாறிய பிறகு கேமராவை மாட்ட வேறு இடமில்லாமல் புத்தக அலமாரியில் வைத்தான். அதில் பாதி சோபாவும் அடுப்படி வாசலும் விழுந்தன. விழுந்ததை அவன் நகர்த்தவில்லை. அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் இருவருமாகக் கூண்டைத் தூக்கினார்கள். காற்று படாத மூலை அந்த ஹாலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமி அலமாரியை எடுக்கத் தயங்கி நின்றவனை வான்மதி பார்த்தாள்.

"சாமிக்குத் தோலு உரியாதுங்க. தூக்குங்க."

அலமாரி கன்னி மூலைக்குப் போனது. சாயங்காலம் அவள் அங்கே விளக்கேற்றினாள். சுடர் நிமிரவே இல்லை. மேலிருந்து வந்த காற்றில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, துடித்து, திரும்பத் திரும்பப் படுத்தது. ஆறு வாரமாக அந்தக் காற்று இங்கேதான் அடித்துக்கொண்டிருந்தது. செழியன் கையை நீட்டிப் பார்த்தான். மணிக்கட்டு ரோமம் சிலிர்த்தது. வான்மதி ஒரு டம்ளரை எடுத்து வந்து சுடருக்கு அணைவாக வைத்தாள்.

எட்டு மணிக்கு அம்மாவின் வீடியோ அழைப்பு. ஊரில் ஞாயிறு காலை. தனபாக்கியம் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கண் பின்னால் போய்விட்டது.

"ஏங்கண்ணு, சாமி ஏன் அங்க போச்சு? ஓணான் மறுபடி ஈசானில உக்காந்துருக்குது. அவ மாத்தச் சொன்னாளா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அம்மா இரண்டு வார்த்தை முணுமுணுப்பார், அடுத்த வாரம் மறந்துவிடுவார். காலையில் டாக்டரிடம் அவ்வளவு சரளமாக வந்த ஆங்கிலம் செழியனுக்கு நினைவு வந்தது.

"இல்லம்மா. நான்தான் மாத்துனேன். முன்னாடி நான் வெச்ச எடந்தான் தப்பு. அதுக்குத் தலை வெந்துபோச்சு. வான்மதி பாத்து லைட்ட அணைச்சதுனால உசுரோட இருக்குது."

தனபாக்கியம் அவனை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தார். மகன் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. "அவ பக்கத்துல நிக்கறாளாக்கும்," என்றார். பிறகு, எதுக்கும் அந்தக் கூண்டுக்கு ஒரு துணியாவது போடு, சாமியப் பாக்காம இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் மீண்டும் கேட்டது. வான்மதி வெளியே வரவில்லை. அன்று அவள் சீக்கிரம் தூங்கிப்போனாள், அல்லது தூங்குவது போல் படுத்திருந்தாள். எது என்று கண்டுபிடிக்க அவன் முயலவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கூண்டில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தான். அவள் அதைப் பார்த்தாள். அவன் களிம்பைத் தடவும்போது, "மெதுவா, ஓரத்துலயிருந்து," என்றாள்.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு அலுவலகத்தில் அவன் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கோணம் மாறியிருந்தது. அவள் கேமராவை எடுத்துக் கூண்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்து, வலையை ஒட்டித் திருப்பியிருந்தாள். சோபா இல்லை, அடுப்படி வாசல் இல்லை. திரை முழுக்க இலைகளும், வெள்ளைக் களிம்பு பூசிய தலையோடு வேந்தனும். காதருகே வைத்தால் குக்கர் சத்தம் கேட்டது. அதோடு அவள் யாரிடமோ பேசிச் சிரிக்கும் குரல். அக்காவோ, அப்பாவோ, இல்லை இந்த ஊரில் கிடைத்த புதுத் தோழியோ. என்ன பேசுகிறாள் என்று பிடிபடவில்லை.

வேந்தன் நடுக்கிளையில் உட்கார்ந்து, தலையை மரப்பட்டையில் மெல்லத் தேய்த்தான். கிரீடத்தின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைச் செதில் பிரிந்து, தொங்கி, விழுந்தது. அதன் ஒரு கண் கேமராவைப் பார்த்தது. மறு கண் மெல்லச் சுழன்று, திரைக்கு வெளியே, அந்தச் சிரிப்பு வந்த பக்கம் போய் நின்றது. ஒலியைக் கூட்டப் போன விரலைச் செழியன் நிறுத்தினான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தான்.